புளிப்பதற்கு முன்

1

இனிப்புள்ள சாறு எதுவாயினும், பிழிந்து திறந்து வைத்த பொழுதிலிருந்து அது மதுவாகத் தொடங்கிவிடுகிறது. அதற்கு மனித முயற்சி தேவைப்படுவதில்லை. பழத்தோலிலும் தென்னம்பாளையின் வெட்டுவாயிலும் கலயத்தின் உட்புறத்திலும் தங்கியிருக்கும் ஈஸ்ட் என்னும் ஒருசெல் பூஞ்சை, சாற்றிலுள்ள சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியேற்றுகிறது. இச்செயலே நொதித்தல் எனப்படுகிறது. 100 கிராம் குளுக்கோஸ் சர்க்கரை முற்றிலும் நொதித்தால் ஏறத்தாழ 51 கிராம் ஆல்கஹாலும் எஞ்சிய பங்கு வாயுவும் கிடைக்கும் என்னும் கணக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக்கின் பெயரோடு வழங்குகிறது. எனினும் அது உயிருள்ளவற்றின் வேலை என்பதை லூயி பாஸ்டர் 1850களின் இறுதியிலும் 1860களிலும் செய்த ஆய்வுகளே ஐயமற நிறுவின.

ஆகவே மதுவை உண்டாக்கும் திறன் ஈஸ்டுக்கு உரியது. மனிதருக்கு உரியவை, எந்தச் சாற்றை எடுப்பது, எந்தக் கலத்தில் ஊற்றுவது, எத்தனை நாள் விடுவது, எங்கே நிறுத்துவது, அதில் எவ்வளவு அருந்துவது, அல்லது அருந்தாமலே இருப்பது என்னும் முடிவுகள். இந்த முடிவுகள் அனைத்தையும் அளவு என்ற ஒரு சொல்லில் அடக்கலாம். வீட்டில் ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்துச் சைடர் என்னும் பானம் செய்யக் கற்கும் தொடக்கநிலையாளர் உண்மையில் கற்பது இந்த அளவையே. மலேசியாவின் பினாங்குத் தமிழரின் வரலாற்றில், தென்னங்கள்ளைச் சுற்றி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த துயரமும் போராட்டமும், இந்த அளவு யார் கையில் இருக்க வேண்டும் என்பது பற்றியவையே. ஒன்று அடுக்களைக் கலை, மற்றொன்று சமூக வரலாறு என்று தனித்தனியாகப் பார்க்கப்படும் இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஒன்றின் மீது மற்றொன்று வெளிச்சம் பாய்ச்சுகிறது.

2

சைடர் இங்கிலாந்தின் சாமர்செட், ஹியர்ஃபோர்ட்ஷர் வட்டாரங்களிலும் பிரான்சின் நார்மண்டியிலும் ஸ்பெயினின் அஸ்துரியாஸிலும் பல நூற்றாண்டுகளாகச் செய்யப்பட்டு வருவது. அங்கெல்லாம் ஆப்பிள் இலையுதிர் காலத்தில் பழுக்கும். பிழிந்த சாறு குளிர்காலம் முழுவதும் நிலவறையின் குளிர்ச்சியில் மெல்ல நொதித்து, இளவேனிலில் பானமாகக் கைக்கு வரும். பருவமே அங்கு நொதித்தலின் வேகத்தை வரையறுத்துக் கொடுத்ததால், செய்பவர் செய்யவேண்டியது பெரும்பாலும் பொறுமை காத்தலாகவே இருந்தது.

அதன் முறை எளியது. சாற்றில் பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் போன்ற பதனப் பொருள்கள் கலக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது முதல் விதி. கடைச் சாறு கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் அவை ஈஸ்ட் பெருகுவதையும் தடுத்துவிடும். கலம், மூடி, குழாய் அனைத்தையும் கழுவிய பின் கிருமிநீக்கமும் செய்ய வேண்டும் என்பது இரண்டாம் விதி. அழுக்கு நீங்கிய பாத்திரத்திலும் வினிகராக்கும் பாக்டீரியா ஒட்டியிருக்கக் கூடும். 5 லிட்டர் சாற்றுக்கு 5 கிராம் அளவுள்ள ஓர் உலர் ஈஸ்ட் பொட்டலம் போதுமானது. நுரை எழும்ப இடம் விட்டுக் கலத்தை நிரப்பி, உள்ளிருக்கும் வாயு வெளியேறவும் வெளிக்காற்று உட்புகாமலிருக்கவும் வழிசெய்யும் நீரடைப்பு என்னும் சிறு குழாயை அதன் வாயில் பொருத்த வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் கிடைத்தால் அசெட்டோபாக்டர் என்னும் பாக்டீரியா ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக, அதாவது வினிகராக, மாற்றிவிடும் என்பதே இந்த அடைப்பின் காரணம்.

நொதித்தல் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது என்பதை நாவைக் கொண்டு மட்டும் அறிய முடியாது. அதற்கு ஹைட்ரோமீட்டர் என்னும் மிதவைக் கருவி பயன்படுகிறது. சர்க்கரை கரைந்த நீர் வெறும் நீரைவிட அடர்த்தியானது. நீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால் ஆப்பிள் சாறு பொதுவாக 1.045 முதல் 1.055 வரை காட்டும். சர்க்கரை தீரத் தீர அந்த எண் இறங்கும். 1.050இல் தொடங்கி 1.000இல் நின்றால், இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை 131ஆல் பெருக்கக் கிடைக்கும் 6.5 என்பதே அப்பானத்திலுள்ள ஆல்கஹாலின் தோராயமான விழுக்காடு. அடுத்தடுத்த சில நாள் அளந்தும் எண் மாறாமல் நின்றால்தான் நொதித்தல் முடிந்தது என்று கொள்ள முடியும்.

இந்தக் கணக்கைப் புறக்கணிப்பவருக்குக் காத்திருப்பது ஆபத்து. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறத்தாழ 2 கிராம் கரியமில வாயு உண்டாகும்; அது ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயுவுக்குச் சமம். நொதித்தல் முடிவதற்குள் லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரை எஞ்சியிருக்கும் நிலையில் புட்டியில் அடைத்து இறுக மூடினால், ஒரு லிட்டர் புட்டிக்குள் ஐந்து லிட்டர் வாயு நெருங்கி நின்று கண்ணாடியையே வெடித்துச் சிதறச் செய்யக்கூடும். பொங்கும் பானம் விரும்புவோர் நொதித்தல் முற்றிலும் முடிந்த பிறகு லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரையை அளந்து சேர்த்து, அழுத்தம் தாங்கும் புட்டியில் மட்டுமே அடைப்பர். கிராமில் அளக்கப்படும் இந்தச் சிறு எண்களை மதிக்கப் பழகுவதே தொடக்கநிலையாளர் பெறும் முதல் பயிற்சி.

3

இதே முறையைப் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுவந்தால் பருவத்தின் துணை இல்லாமற் போகிறது. இத்தீவில் ஆண்டு முழுதும் பகல் வெப்பம் 31, 32 டிகிரி செல்சியஸை எட்டுகிறது. இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. சைடருக்கு உகந்ததாகச் சொல்லப்படும் 15 முதல் 20 டிகிரி வரையான வெப்பநிலை இங்கு இயற்கையில் கிடையாது. வெப்பம் மிகும்போது ஈஸ்ட் விரைந்து வேலை செய்து, தொண்டையைக் காந்தச் செய்யும் கனமான ஆல்கஹால்களைக் கூடுதலாக உண்டாக்குகிறது. மளமளவென்று வெளியேறும் வாயு பழத்தின் நறுமணத்தையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. ஈரத்துணி சுற்றிக் குளிர்விக்கும் உத்தியும், காற்றிலேயே ஈரம் நிறைந்த இந்நிலத்தில் அதிகம் பலிப்பதில்லை. வெப்பநிலை கட்டுப்படுத்திய குளிர்ப்பெட்டி இன்றிப் பினாங்கில் நல்ல சைடர் கிடைப்பது கடினம்.

ஆனால் இந்த வெப்பத்துக்கு ஏற்ற நொதித்தற்கலை இந்நிலத்திலேயே உண்டு. அது தென்னையின் உச்சியில் நடைபெறுவது. விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிக் கொடுத்து, நுனியைக் கூரிய அரிவாளால் மெல்லிய சீவலாகச் சீவி, அதன் கீழே கலயத்தைக் கட்டுவார் மரமேறுபவர். காலையும் மாலையும் மரமேறிப் புதிதாகச் சீவி, ஊறியதை இறக்குவார். நல்ல மரம் நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு லிட்டர் சாறு தரும். அதில் 12 முதல் 16 விழுக்காடு வரை சர்க்கரை இருக்கும். சொட்டும் கணத்திலேயே அதில் ஈஸ்டும் பாக்டீரியாக்களும் குடியேறுகின்றன. விடியலில் இனிப்பாக இறங்குவது நண்பகலில் நுரைத்து, மாலையில் கடுத்து, மறுநாள் புளித்து வினிகரை நோக்கிச் சென்றுவிடும். குளிர்நாட்டில் பல மாதம் நீளும் ஒரு வாழ்க்கை இங்கு ஒற்றைப் பகலுக்குள் நிறைவுறுகிறது.

இந்த வேகத்தை அடக்கும் வழியையும் மரமேறுபவர் அறிந்திருந்தார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாற்றில் காரத்தன்மை ஏறி, நுண்ணுயிர்கள் பெருகும் வாய்ப்புக் குறைந்து, இறங்குவது கள்ளாக மாறாமல் இனிப்பு மாறாத பதநீராகவே நிற்கும். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாவிட்டால் கள். அதையே திறந்து விட்டுவைத்தால் வினிகர். ஒரே பாளையிலிருந்து வரும் ஒரே சாறு என்னவாக வேண்டும் என்பதை ஒரு விரல் சுண்ணாம்பும் சில மணி நேரமும் முடிவு செய்தன. அம்முடிவு மரமேறுபவரின் கையில் இருந்தது.

நுண்ணுயிரியலும் இங்கு ஓர் அரிய பாடத்தைத் தருகிறது. ஆப்பிள் சாறு இயல்பாகவே புளிப்புள்ளது. அந்தப் புளிப்பு பல பாக்டீரியாக்களைத் தள்ளி நிறுத்தி, ஈஸ்டுக்கு வழிவிடுகிறது. தென்னஞ்சாறு இறங்கும்போது புளிப்போ காரமோ இல்லாத நடுநிலையில் இருப்பதால் பலவகை உயிர்களும் அதில் ஒருங்கே பெருகுகின்றன. அவற்றுள் சைமோமோனாஸ் மொபிலிஸ் என்னும் பாக்டீரியா குறிப்பிடத்தக்கது. ஈஸ்டைப் போலவே சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. 1903இல் தொடங்கப்பட்டு, பிரிஸ்டல் நகருக்கு அருகே லாங் ஆஷ்டனில் இயங்கிய சைடர் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த பார்க்கர் 1910களில் இதைச் சைடரைக் கெடுக்கும் நோயின் காரணியாக இனங்கண்டார். சைடர்ப் பீப்பாயில் நோயாகக் கருதப்பட்ட அதே உயிர், பனை தென்னைக் கள்ளில் இயல்பான உழைப்பாளியாக இருக்கிறது. எது கேடு, எது பயன் என்பதை உயிரின் பெயரை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அது வேலை செய்யும் கலமும் சூழலும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. கள்ளின் சமூக வரலாற்றுக்கும் இக்கூற்று பொருந்துகிறது.

4

வீட்டில் மது சமைப்பது தமிழருக்குப் புதியதன்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதன் செய்முறையையே படிப்படியாகச் சொல்லிச் செல்கிறார். குற்றித் தீட்டாத அரிசியைக் கூழாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஊற்றி ஆறவைத்து, முளையிட்ட நெல்லைக் கொண்டு ஆக்கிய அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, உறுதியான வாயையுடைய சாடியில் முற்ற விளையச் செய்து, விரலால் அலைத்து வடிப்பது அம்முறை. இன்றைய செய்முறை நூல்கள் வலியுறுத்தும் பலவும் அதில் அடங்கியிருக்கின்றன. கூழை ஆறவைப்பது ஈஸ்ட் சூட்டில் மடியாமலிருக்க. முளைத்த நெல் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க. வாயகன்ற தட்டிலிருந்து சாடிக்கு மாற்றுவது காற்றைக் குறைக்க. கால வரையறை புளிப்பைத் தவிர்க்க. காரணங்கள் நுண்ணுயிரியலால் பிற்காலத்தில் விளக்கப்பட்டவை என்றாலும், முறை முன்னரே கையில் இருந்தது.

பினாங்கின் ஈரச் சந்தைகளிலும் இதன் உறவினர் ஒன்றைக் காணலாம். மலாய்க்காரரும் சீனரும் தப்பாய் என்னும் இனிப்புப் பண்டம் செய்யப் பயன்படுத்தும் வெண்ணிற மாவு வில்லையை இங்கு ராகி என்பர். கேழ்வரகுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அரிசி மாவில் பூஞ்சையையும் ஈஸ்டையும் உலரவைத்துச் சேமிக்கும் அந்த வில்லையை, வேகவைத்து ஆறிய, ஒட்டும் தன்மையுள்ள புளுட்டரிசியின் மீதோ மரவள்ளிக்கிழங்கின் மீதோ பொடித்துத் தூவி மூடி வைத்தால், இரண்டு மூன்று நாளில் இனிப்பும் மெல்லிய மதுமணமும் சேர்ந்த தப்பாய் கிடைக்கும். இளந்திரையனின் நாட்டு அடுக்களைக்கும் பினாங்கு அடுக்களைக்கும் நொதித்தல் பொதுவான மொழியாக இருந்திருக்கிறது. நிப்பா என்னும் உவர்நிலப் பனையிலிருந்து சாறும் வினிகரும் எடுக்கும் வழக்கமும் இத்தீவுக்கு எதிரேயுள்ள கரையோரச் சிற்றூர்களில் இன்னும் உயிரோடிருக்கிறது.

தமிழ் மரபு கள்ளைப் பற்றி ஒரே குரலில் பேசவில்லை. அதியமானை இழந்த ஔவையார் புறநானூற்றில் பாடிய கையறுநிலைப் பாடல், சிறிதளவு கிடைத்தால் பாடுவோர்க்கே கொடுத்தும் மிகுதியாகக் கிடைத்தால் அவர்களோடு பகிர்ந்தும் அருந்திய தலைவனை நினைவுகூர்கிறது. திருக்குறளோ கள்ளுண்ணாமை என்று 93ஆம் அதிகாரம் முழுவதையும் கள்ளை விலக்குவதற்கே ஒதுக்குகிறது. இரண்டும் முரண் போலத் தோன்றினும், ஒரு புள்ளியில் ஒன்றுபடுகின்றன. கொடுப்பவரும் குடிப்பவரும் ஒருவரையொருவர் அறிந்த அவையில் அளவு பண்பாட்டால் காக்கப்படுகிறது; விலக்குபவரிடம் அது மன உறுதியால் காக்கப்படுகிறது. இருவரிடமும் அளவு அவரவரைச் சார்ந்தே இருக்கிறது. அதை வேறொருவர் கைப்பற்றிக்கொள்ளும் நிலையை இவ்விரு நூல்களும் கண்டிருக்கவில்லை.

5

அந்த நிலை பினாங்கில் உருவானது. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேரில் எடுத்துக்கொண்ட பின், நிலவரி அதிகம் திரட்ட முடியாத இத்துறைமுகத்தின் அரசு வருவாய்க்குக் குத்தகை முறையே பெரிதும் கைகொடுத்தது. அபின், சாராயம், கஞ்சாவிலிருந்து செய்யப்படும் பாங்கு ஆகியவற்றோடு கள்ளும் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகை எடுத்தவரே விற்கும் உரிமை பெற்றவர், விற்பனை பெருகப் பெருக அவருக்கும் அரசுக்கும் இலாபம். இவ்வாறு தொடக்கத்திலேயே கள்ளின் அளவு, அதைக் குடிப்பவர் எவ்வளவு மிகுதியாகக் குடிக்கிறார் என்பதில் பயன் காண்பவர் கைக்குச் சென்றது.

19ஆம் நூற்றாண்டில் தீவுக்கு எதிரேயிருந்த வெல்லஸ்லி மாகாணத்தில், இன்றைய செபராங் பிறையில், கரும்புத் தோட்டங்கள் பெருகின. பத்து கவான், நிபோங் திபால் வட்டாரங்களின் அத்தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். பின்னர் ரப்பர் வந்தபோது கங்காணி முறையில் வந்தோர் எண்ணிக்கை மிகுந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தாலும் தோட்டத்தின் வாழ்வு தோட்ட எல்லைக்குள்ளேயே சுழன்றது. லயத்து வீடு, மளிகைக் கடை, கோயில் என்னும் அவ்வரிசையில் உரிமம் பெற்ற கள்ளுக்கடையும் நிலைபெற்றது. குறித்த நேரத்தில் திறக்கப்பட்ட அக்கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்கான நிதியில் சேரும் என்பது ஏற்பாடு. தொழிலாளி குடித்துத் தொலைத்த கூலியின் ஒரு பகுதியே அவனுக்கு நலத்திட்டமாகத் திரும்பி வந்தது.

இம்முறைக்கு ஆதரவாகத் தோட்ட நிர்வாகங்கள் வைத்த வாதங்கள் எளிதில் தள்ளிவிடத்தக்கவை அல்ல. புதிய கள்ளில் ஈஸ்டால் உண்டாகும் பி வகை வைட்டமின்கள் உண்டு என்பதும், அதில் ஆல்கஹால் குறைவு என்பதும், கள்ளுக்கடையை மூடினால் தொழிலாளி திருட்டுச் சாராயத்தை நாடுவான் என்பதும் அவ்வாதங்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதற்கும் அடிப்படை இருந்தது. ஆனால் அவை கள்ளின் இயல்பைப் பற்றியவை. கடையின் இயல்பைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. ஊரில் மரமேறுபவரும் அருந்துபவரும் அண்டை வீட்டாராக இருந்த உறவு தோட்டத்தில் அறுந்தது. மரமேறுபவர் கூலிக்கு இறக்குபவரானார். அருந்துபவர் குவளையை மட்டும் காணும் வாடிக்கையாளரானார். காலைக் கள்ளையும் மாலைக் கள்ளையும் வேறுபடுத்தி அறிந்த மக்கள், கடை திறக்கும் மணியையும் விலையையும் மட்டும் அறிந்தவர்களாயினர். நாள் முழுதும் வெயிலில் ரப்பர்ப் பால் வெட்டிய உடல்களுக்கு வேறு ஓய்வு மறுக்கப்பட்ட இடத்தில், கிடைத்த ஒரே ஓய்வு விற்பனைக்கு வைக்கப்பட்டது. அதன் விலையை வீட்டிலிருந்த பெண்களும் குழந்தைகளும் பசியாகவும் அடியாகவும் செலுத்தினர்.

6

எதிர்ப்பு எழுந்தது. 1921இல் காந்தியின் மதுவிலக்குக் கொள்கையை ஏற்றுத் தம் தோப்பிலிருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்த ஈ. வெ. ராமசாமிப் பெரியார், 1929 டிசம்பரில் மலாயாப் பயணத்துக்காக வந்திறங்கிய துறைமுகம் பினாங்குதான். அப்பயணத்தை அடுத்து மலாயாவெங்கும் வலுப்பெற்ற தமிழர் சீர்திருத்தச் சங்கங்கள் சாதி ஒழிப்போடும் கல்வியோடும் கள்ளுண்ணாமையையும் தம் கொள்கையாக்கின. 1937 அக்டோபரில் ராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்த செய்தியும் கடல் கடந்து வந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடும் மரியாதையான நடத்தையோடும், தோட்டக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக வைக்கப்பட்டது. வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சூட்டிலும் தொழிலாளர் உயிரிழப்பிலும் முடிந்தது.

போருக்குப் பின் பினாங்குக்கு வடக்கே, கெடாவின் தோட்டங்களில் தொண்டர் படை என்னும் இளைஞர் இயக்கம் எழுந்தது. ஏ. எம். சாமி முன்னின்று நடத்திய அவ்வியக்கத்தினர் சீருடை அணிந்து, அணிவகுத்து, கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947இன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் காவல்துறையினருடன் நேர்ந்த மோதலில் உயிரிழப்பும் நிகழ்ந்தது. இவர்களைக் குடிப்பவரைத் திருத்த வந்த ஒழுக்கவாதிகள் என்று மட்டும் கொள்வது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும். அவர்களும் அதே லயத்து வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர்களே. தங்கள் மக்களின் கூலி, நேரம், உடல் ஆகிய மூன்றையும் அளந்து பிறர் வகுத்த ஏற்பாட்டிலிருந்து, அளவு வகுக்கும் உரிமையை அவர்கள் திரும்பக் கேட்டனர். குடிக்கமாட்டோம் என்பதே அன்று அவர்களுக்குக் கிடைத்த ஒரே அளவுகோல். அதை அவர்கள் உயிரைக் கொடுத்தும் பற்றிக்கொண்டனர்.

விடுதலைக்குப் பின் கள்ளின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது சம்சு என்னும் மலிவான காய்ச்சிய மது. இங்கு ஓர் அறிவியல் வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நொதித்தலில் ஆல்கஹால் தன் எல்லையைத் தானே வகுத்துக்கொள்கிறது. கள்ளில் பொதுவாக 4 முதல் 6 விழுக்காட்டிலும் சைடரில் 6 விழுக்காட்டு அளவிலும் அது நின்றுவிடுகிறது; சாற்றிலுள்ள சர்க்கரையே அதற்கு வரம்பிடுகிறது, சர்க்கரை எவ்வளவு மிகுந்தாலும் ஆல்கஹால் ஓர் அளவைத் தாண்டினால் ஈஸ்டே மடிந்துபோகும். காய்ச்சி வடித்தல் அந்த எல்லையை உடைத்து ஆல்கஹாலைப் பல மடங்கு செறிவாக்குகிறது. கண்ணையும் உயிரையும் பறிக்கும் மெத்தனால் என்னும் நச்சு, பழச்சாற்று நொதித்தலில் தீங்கு செய்யாத மிகச் சிறிய அளவிலேயே உண்டாகும். தொழிற்சாலை மெத்தனால் கலந்த போலி மதுவிலேயே பெரும்பாலும் அது கொல்லும் அளவை எட்டுகிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் அத்தகைய போலி மதுவுக்குப் பலர் பலியாயினர். அவர்களில் பெரும்பாலோர் பிற நாடுகளிலிருந்து உழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்கள். எஸ். எம். முகமது இத்ரீஸ் நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், தோட்ட மக்களைச் சம்சு சீரழிப்பதை எதிர்த்துப் பல ஆண்டுகள் இயக்கம் நடத்தியது, தொண்டர் படையின் கேள்வியைப் புதிய காலத்தில் தொடர்ந்து கேட்டதாகவே கொள்ளத்தக்கது.

7

இந்த வரலாற்றை அறிந்தவரிடம் வீட்டில் சைடர் செய்வதைப் பற்றிப் பேசுவது தகுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. மலேசியச் சட்டம் இதில் தெளிவானது: 1976ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பதும் கள் இறக்குவதும் குற்றம், இஸ்லாமியருக்குச் சமயச் சட்டமும் மதுவைத் தடுக்கிறது. சொந்தப் பயனுக்கு வீட்டில் சைடர் செய்துகொள்ள இசைவு தரும் இங்கிலாந்து போன்ற நாடுகளில் வாழும் தமிழர் அதைச் செய்யலாம். பினாங்கில் வாழ்பவர்க்கு அது செய்முறையாக அன்றி அறிவாகவே இருக்க முடியும்.

எனினும் அறிவு என்ற நிலையிலேயே அதன் தேவை பெரிது. கள்ளால் துயருற்ற சமூகம் கள்ளைப் பற்றி எதுவும் அறியாமலிருப்பதே பாதுகாப்பு என்னும் எண்ணம் இயல்பாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் தோட்டக் கள்ளுக்கடை செழித்ததே அறியாமையின் மீதுதான். சர்க்கரை எவ்வளவு, ஆல்கஹால் எவ்வளவு, எப்போது இறக்கியது, என்ன கலந்தது என்பவற்றை அறியாத ஒருவருக்கே எதையும் விற்க முடியும். ஹைட்ரோமீட்டரில் எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்த ஒருவர், 6 விழுக்காட்டுப் பானத்துக்கும் காய்ச்சிய சம்சுவுக்கும் உள்ள தொலைவை எந்த எச்சரிக்கைப் பலகையையும்விட நன்றாக உணர்வார். பெயரில்லாப் புட்டியை யாராவது நீட்டும்போது, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவதும் அந்த உணர்விலிருந்தே. நொதித்தலை அறிந்தவர் குடிப்பவராக மாறியே தீரவேண்டும் என்பதில்லை. குடிக்காதிருப்பதற்கான காரணங்களும் அந்த அறிவால் கூர்மையடைகின்றன.

இதில் பினாங்குக்கு என்று செய்யத்தக்க பணிகள் சில உண்டு. தென்னை ஏறிப் பாளை சீவிய முதியவர்களின் கைத்திறன், எந்தப் பாளையை எப்போது கட்டுவது, சுண்ணாம்பை எவ்வளவு தடவுவது, மழைநாளில் கலயத்தை எப்படிக் காப்பது என்பன, அவர்களோடு மறைவதற்குள் தமிழில் பதிவாக வேண்டும்; ஜெலுகோரிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிவும் அப்பதிவோடு இணைந்தால், மரமேறுபவரின் சொல்லுக்கும் ஆய்வகத்தின் சொல்லுக்கும் இடையே பாலம் உண்டாகும். மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இட்லி மாவையும் தயிரையும் தப்பாயையும் கொண்டு நொதித்தலைக் கற்பிக்கையில், அவர்களின் முன்னோர் கள்ளுக்கடை முன் மறியல் செய்த வரலாறும் அதே வகுப்பில் சொல்லப்பட வேண்டும். வேதியியலும் வரலாறும் அப்போது ஒரே பாடமாகும்.

கள்ளை மறுத்துத் தெருவில் நின்ற தொழிலாளியும், சாற்றின் அடர்த்தியை அளந்து பொறுமையோடு காத்திருக்கும் வீட்டுக்கலைஞரும் எதிரெதிர் அணியினர் அல்லர். தன் உடலுக்குள் செல்வதன் அளவைத் தானே வகுப்பேன் என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். அவர்கள் இருவருக்கும் எதிரே நிற்பது, அந்த அளவை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டு, அறியாதவரிடம் குவளை குவளையாக விற்கும் ஏற்பாடு. அது கள்ளுக்கடையாக வந்தாலும் சம்சுப் புட்டியாக வந்தாலும், நாளை பளபளக்கும் இறக்குமதிப் பானமாக வந்தாலும், அதை இனங்காணும் கண் அறிவால் மட்டுமே வாய்க்கும். அந்த அறிவைத் தம் மொழியில், தம் வரலாற்றோடு சேர்த்துப் பெறும் உரிமை பினாங்குத் தமிழருக்கு உண்டு.